வேலையைப் பாதித்த ஒரு படைப்பு: அதைப் பார்த்த நிமிடத்தைச் சொல்லுங்கள்

வெண்திரை:

மூன்று வருடம் ஆகிறது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. ஆந்தனி மெக்கால் என்ற கலைஞர் 1973இல் செய்த அந்தக் கூம்புதான், 'லைன் டிஸ்க்ரைபிங் எ கோன்' (ஒரு கூம்பை வரையும் கோடு). தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 16 எம்எம் படம், 30 நிமிடம். ஒரு புள்ளியில் தொடங்கும் கோடு வளைந்து வளைந்து வட்டமாகி முடிகிறது, அவ்வளவுதான்.

நான் கேலரிக்குள் போனபோது அப்போதுதான் தொடங்கியிருந்தது. இருட்டு, லேசான புகை. பழக்கதோஷத்தில் சுவரைப் பார்த்து நின்றேன். வெள்ளைக் கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. 'ட்ரிம் பாத்ஸ், லீனியர் ஈஸிங், நான் இதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவேனே' என்றுதான் மனதுக்குள் ஓடியது. அனிமேஷன் மென்பொருளில் கோட்டைச் சீராக வளரவிடும் வழிகள் அவை. கால்வட்டம் வந்திருக்கும். திடீரென்று சுவரில் கோடு அறுந்தது.

திரும்பினேன். ப்ரொஜெக்டருக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பெண்மணி கையை நீட்டிக்கொண்டு நின்றார். அவர் விரல்களை ஒட்டி வெளிச்சம் ஒரு வளைந்த தகடு மாதிரி நின்றது, தட்டினால் சத்தம் வரும் போல. அந்தத் தகட்டுக்குள் புகை மெதுவாகச் சுழன்றது. படம் சுவரிலேயே இல்லை, அறைக்குள் இருந்திருக்கிறது. ஏழெட்டு நிமிடம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மிச்ச நேரம் முழுக்கக் கூம்புக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருந்தேன். வட்டம் முழுமையானபோது உள்ளே நின்றவர்கள் யாரும் பேசவில்லை.

என் உறுத்தல் இதுதான்: அதை வேலைக்குள் கொண்டுவரத் தெரியவில்லை. இப்போது கையில் ஆறு நொடி லோகோ அனிமேஷன் இருக்கிறது. ஒளிக்கற்றை வரைந்து, புகைமூட்டம் தரும் ஃபாக் எஃபெக்ட் போட்டுப் பார்த்தேன். ஃபாக் எஃபெக்ட் போட்ட லோகோவாகத்தான் தெரிகிறது. உங்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால் எழுதுங்கள்.

கரித்துண்டு:

எனக்குத் தென்னாப்பிரிக்கக் கலைஞர் வில்லியம் கென்ட்ரிட்ஜ். ஒரு காட்சிக்கு ஒரு தாள். கரியால் வரைவார், கேமரா வரை நடந்து போய் ஒன்றிரண்டு ஃப்ரேம் எடுப்பார், திரும்பி வந்து கொஞ்சம் அழித்துத் திருத்துவார், மறுபடி நடப்பார். அழித்த கரி முழுசாகப் போகாது. நகர்ந்து போகிறவர் முன்பு இருந்த இடமெல்லாம் சாம்பலாகத் தங்கிவிடும்.

நான் அப்போது க்ளீனப் வேலையில் நாலாவது வருடம். மற்றவர்கள் வரைந்த ரஃப் கோடுகளைத் துடைத்து, ஒரே கனத்தில் ஒரு கோடாக்கித் தருவதுதான் வேலை. அவருடைய 'ஃபீலிக்ஸ் இன் எக்ஸைல்' படத்தில் ஓர் இடம் வரும். தரையில் உடல் கிடக்கிறது. செய்தித்தாள்கள் வந்து மூடுகின்றன. அப்புறம் உடல் மண்ணோடு மண்ணாகி, வெறும் நிலம்தான் மிஞ்சுகிறது. ஆனால் தாளில் கறை இருக்கிறது! உடல் எங்கே கிடந்தது என்று தாளுக்குத் தெரியும். ஜோகன்னஸ்பர்க்கையும் நிறவெறியையும் 1989இலிருந்து இப்படி வரைந்து வருகிறவர் அவர். அந்தக் கறையை வெறும் உத்தி என்று என்னால் சொல்ல முடியாது.

மறுநாள் என் மேஜையில், ஒரு முதியவர் நாற்காலியைப் பிடித்து எழுந்திருக்கும் காட்சி. ரஃபில் அவர் கை ஐந்தாறு கோடுகளாக நடுங்கியது. துடைத்தேன், கை உறுதியாகிவிட்டது. அவர் வயசே குறைந்துவிட்டது. ரஃபை அப்படியே விடலாமா என்று இயக்குநரிடம் போய்க் கேட்டேன். மற்ற காட்சிகளோடு ஒட்டாது என்றார். அது நியாயம்தான், துடைத்ததைத்தான் அனுப்பினேன். அந்த ரஃப் ஃபைலை மட்டும் இன்றுவரை நான் அழிக்கவில்லை.

நாலாம்தளம்:

இருவரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். இருட்டறையில் நின்று சிலிர்ப்பது நல்ல அனுபவம், மறுக்கவில்லை. ஆனால் நம்மில் முக்கால்வாசிப் பேர் இதையெல்லாம் போனில்தான் பார்க்கிறோம். தவிர, கேலரி வேறு, டெட்லைன் வேறு. வெண்திரை ஃபாக் போட்டுத் தோற்றதே அதற்குச் சாட்சி.

என் கதை சின்னது. ரெஃபரன்ஸ், அதாவது பார்த்துப் பழக மற்றவர்களின் வேலைகளைச் சேர்ப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று இருந்தேன். கண்ணில் பட்டதையெல்லாம் போர்டில் போட்டு, நிறவாரியாக அடுக்கி வைத்திருந்தேன். ஒரு கிளையன்ட் கூட்டத்தில் என் ஸ்டைல் ஃப்ரேம்களை, அதாவது வீடியோ எப்படித் தெரியும் என்று காட்டும் மாதிரிப் படங்களை, காட்டினேன். இரண்டு வட்டம் ஒன்றுக்குள் ஒன்று கரைவது, பவளநிறப் பின்னணி. கடைசி நாற்காலியில் இருந்த இளம்பெண் ஒன்றும் சொல்லாமல் போனைத் திருப்பி மேஜை மேல் வைத்தார். அதே வட்டங்கள், அதே பவளநிறம், வேறொருவர் வேலை. நான் திருடவில்லை. ஆனால் அது என் போர்டில் இருந்தது. எப்போது சேமித்தேன் என்றே நினைவில்லை.

அதனால் கேட்காமலேயே ஒன்று சொல்கிறேன். பிடித்த வேலையை உடனே சேமிக்காதீர்கள். முதலில் அதில் என்ன நடந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். 'சூப்பர் டிரான்ஸிஷன்' என்று எழுதினால் நீங்கள் எதையும் பார்க்கவில்லை. 'வட்டம் நிற்பதற்கு முன்னால் ஒருமுறை தயங்கியது' என்று எழுதினால் பார்த்திருக்கிறீர்கள். மறுநாள், பார்க்காமல், நினைவிலிருந்து வரையுங்கள். தப்பாகத்தான் வரும். அந்தத் தப்பில்தான் உங்கள் கை இருக்கிறது, அதைத் திருத்தப் போகாதீர்கள். அப்புறம் மூலத்தைத் திறந்து ஃப்ரேம் ஃப்ரேமாக எண்ணுங்கள்: எத்தனை ஃப்ரேம் நகர்கிறது, எத்தனை ஃப்ரேம் சும்மா நிற்கிறது. நிற்கும் ஃப்ரேம்களை யாரும் எண்ணுவதில்லை, கனம் தருவது அவைதான். அசைவின் வேகத்தை வளைவாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில் அந்த வளைவை மட்டும் எடுத்து, சம்பந்தமே இல்லாத பொருளுக்குப் போடுங்கள். பறவை இறங்கும் வளைவை எழுத்துக்குக் கொடுங்கள், கதவு மூடும் வளைவை நிறத்துக்குக் கொடுங்கள். அதே துறையில் ரெஃபரன்ஸ் தேடாதீர்கள். லோகோ செய்கிறவர் லோகோக்களைப் பார்த்தால் லோகோதான் வரும். வாரத்துக்கு ஒன்று போதும், ஐம்பது வேண்டாம். வெண்திரை, உங்கள் கேள்விக்கும் இதே பதில்தான். கூம்பைக் காட்ட முயலாதீர்கள். அங்கே என்ன நடந்தது என்று எழுதுங்கள், கூம்பு என்ற சொல் வராமல்.

கரித்துண்டு:

நாலாம்தளம், சொன்னதில் பாதியை இன்றே செய்யப்போகிறேன். ஆனால் 'கேலரி வேறு, டெட்லைன் வேறு' என்பதை விட முடியாது. ஜான் விட்னியை எடுத்துக்கொள்ளுங்கள். போரில் மிஞ்சிய விமான எதிர்ப்புப் பீரங்கிகளின் குறிபார்க்கும் கருவியை வாங்கி, அதை அனிமேஷன் இயந்திரமாக மாற்றியவர். 1960இல் அவர் தொடங்கிய கம்பெனியின் பெயரிலேயே 'மோஷன் கிராஃபிக்ஸ்' இருந்தது. படங்களுக்கு டைட்டில்களும் விளம்பரங்களும் செய்து கொடுத்துப் பிழைத்தார். 1961இல் அந்த இயந்திரத்தில் செய்து பார்த்த எஃபெக்ட்களை ஒன்றாகக் கோத்து ஒரு ரீல் வெளியிட்டார். இன்றைக்கு நம் வேலையின் மாதிரிகளைக் கோத்துக் கிளையன்ட்டுக்கு அனுப்பும் ஷோரீல் மாதிரிதான். இப்போது அதைக் கலை என்று திரையிடுகிறார்கள். அவர் மேஜையில் நடுவே சுவர் இருந்ததா?

இருபத்துநாலு:

போன், லேப்டாப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். எனக்கு நடந்தது 13 அங்குல லேப்டாப்பில்.

அனிமேஷன் இயக்குநர் நார்மன் மெக்லாரன் 1971இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் செய்த 'சின்க்ரமி' படத்தின் அந்தப் பட்டைகள். ஃபிலிமின் ஓரத்தில் ஒலித்தடம் ஓடுமே, அதில் கோடுகளைப் படமெடுத்து இசையை உண்டாக்கினார். பிறகு அதே கோடுகளைத் திரைக்குக் கொண்டுவந்து நிறம் கொடுத்தார். ஆக, கண்ணுக்குத் தெரிவதுதான் காதில் விழுகிறது. கோடுகள் நெருக்கமானால் சுருதி மேலே போகும், தடித்தால் கீழே இறங்கும்.

என் பக்கத்து மேஜைத் தோழிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நான் ஹெட்போனில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நாற்காலியை நகர்த்தி வந்து உட்கார்ந்தார். ஒரு நிமிடம் போயிருக்கும். அவர் ஆள்காட்டி விரல் மேஜையைத் தட்டத் தொடங்கியது. காதில் கேட்ட தாளத்தோடு ஒப்பிட்டேன், ஒரு அடி பிசகவில்லை. தடித்த பட்டைகள் வந்தபோது விரலை எடுத்துவிட்டு உள்ளங்கையால் தட்டினார். படம் முடிந்ததும் என் கீபோர்டை இழுத்து, 'இதுதான் பாட்டா?' என்று டைப் செய்தார்.

பத்து வருடமாக இசைக்கு ஏற்றபடி அசையும் வீடியோ செய்துவருகிறேன். கேட்காதவர்களுக்காக அடியில் 'இசை ஒலிக்கிறது' என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும். அந்த இரண்டு சொல் கேள்வியைப் படித்தபோது எனக்குப் பதில் டைப் செய்யக் கை வரவில்லை.

இப்போது ஒலி இல்லாமல் ஓட்டிப் பார்த்து, தோழியின் விரல் எங்கே தட்டுகிறது என்று பார்த்த பிறகுதான் இறுதி வீடியோவை ரெண்டர் போடுகிறேன்.

நாலாம்தளத்துக்கு ஒன்று. ஃப்ரேமில் இருப்பதைவிட ஃப்ரேமுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் நடப்பதுதான் முக்கியம் என்று மெக்லாரன் சொல்லியிருக்கிறார். உங்கள் போர்டில் இருந்தவை அசையாத படங்கள். அதனால்தான் வட்டமும் நிறமும் மட்டும் ஒட்டிக்கொண்டன என்று நினைக்கிறேன்.

நாலாம்தளம்:

இருபத்துநாலு, அந்தக் கடைசி வரியை நான் இவ்வளவு நாள் யோசிக்கவே இல்லை. சரிதான். கரித்துண்டு, விட்னி விஷயத்தையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அவருக்குச் சொந்த இயந்திரம் இருந்தது, நம்மிடம் எல்லோருக்கும் ஒரே மென்பொருள், அதில் ஏற்கெனவே செய்து வைத்த ஒரே ப்ரீசெட். அந்தக் கவலை எனக்குப் போகவில்லை.

மஞ்சள்வெளி:

சுருக்கமாக. லண்டன் டேட் மாடர்ன் கலை அருங்காட்சியகத்தில் ஓலஃபுர் எலியாசன் என்ற கலைஞர் செய்து வைத்த செயற்கைச் சூரியன், 2003 அக்டோபரிலிருந்து 2004 மார்ச் வரை இருந்ததே, அதற்குக் கீழே நான் படுத்திருக்கிறேன். மேலே கூரை முழுக்கக் கண்ணாடி. அரை வட்டம்தான் நிஜம், மற்ற பாதி பிரதிபலிப்பு. எல்லோரும் சூரியனைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு நினைவிருப்பது கூட வந்தவளின் கம்பளிச் சால்வை. வெளியே நல்ல சிவப்பு. உள்ளே வந்ததும் கறுப்பு. சூரியனுக்குப் பின்னால் இருந்த விளக்குகள் ஒரே அலைநீளத்தில்தான் எரியும், அதனால் மஞ்சளும் கறுப்பும் தவிர வேறு நிறமே கண்ணுக்குக் கிடைக்காது. அவள் முகம், என் கை, தரையில் படுத்திருந்த எல்லோரும் ஒரே நிறம்.

வெளியே வந்தோம். சால்வை மறுபடி சிவந்தது பாருங்கள், அப்படி ஒரு சிவப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கலர் கிரேடிங்தான், அதாவது படத்தின் நிறங்களைச் சரிசெய்வதுதான், என் தொழில். ஒரு நிறம் கண்ணில் அடிக்க வேண்டுமென்றால் அதை ஏற்றக் கூடாது, அதற்கு முன்னால் இரண்டு நிமிடம் அதைப் பட்டினி போட வேண்டும். எந்த வகுப்பிலும் எனக்கு இது கிடைக்கவில்லை.

இன்னொன்று. சூரியனுக்குப் பின்பக்கம் போனால் விளக்குகள், சட்டங்கள், வயர்கள் எல்லாம் அப்படியே தெரியும். அவர் மறைக்கவில்லை. பார்த்துவிட்டு முன்பக்கம் வந்தேன். அப்போதும் அது சூரியன்தான்.

வெண்திரை:

எல்லோருக்கும் நன்றி. நாலாம்தளம் சொன்னபடி நேற்று இரவு எழுதிப் பார்த்தேன், கூம்பு என்ற சொல் வராமல். நாலு வரிதான் வந்தது. படித்துப் பார்த்தால் அதில் வெளிச்சம் இல்லை, புகை இல்லை, வட்டம்கூட இல்லை. 'கோடு அறுந்தது. ஏன் என்று திரும்பினேன்.' அந்தப் பெண்மணியின் கைதான் இருந்தது.

ஃபாக் லேயரைத் தூக்கிவிட்டேன். கோடு வழக்கம்போல வரைந்துகொண்டே வருகிறது. நாலாவது நொடியில் ஓர் இடத்தில் அறுகிறது, பதினோரு ஃப்ரேம், அப்புறம் சேர்ந்துகொள்கிறது. எது குறுக்கே வந்தது என்று திரையில் காட்டவில்லை. என் அறைத்தோழனிடம் காட்டினேன். அந்த இடத்தில் அவன் தலை லேசாகப் பின்பக்கம் திரும்பியது.

நாளைக் காலை கிளையன்ட்டுக்கு அனுப்புகிறேன்.