ஒப்பந்தத் தொழிலாளரைச் சேர்க்க மறுக்கும் சங்கம், சங்கம் அமைக்கும் உரிமையைப் பற்றிப் பேசலாமா?

கேள்வி: ஒரகடம் நிரந்தரன்

ஒரகடத்தில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நிரந்தரத் தொழிலாளியாக இருக்கிறேன். எங்கள் சங்கம் பதிவு பெறுவதற்குள் பட்ட பாடு கொஞ்சமல்ல. முன்னின்றவர்கள் வெளிமாநிலத்துக்கு மாற்றப்பட்டார்கள். சிலர் தற்காலிகப் பணிநீக்கத்தில் மாதக்கணக்காகப் பாதி ஊதியத்தில் குடும்பம் நடத்தினார்கள். அந்த நாட்களில் ஒவ்வொரு வாயிற்கூட்டத்திலும் எங்கள் தலைவர்கள் பேசியது, சங்கம் அமைப்பது தொழிலாளியின் அடிப்படை உரிமை என்பதைத்தான்.

இப்போது அதே வரிசையில் நின்று அதே வேலையை எங்கள் கூலியில் பாதிகூட இல்லாத கூலிக்குச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்கள், தங்களையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார்கள். சங்க விதிகளில் அதற்கு இடமில்லை என்று மறுத்துவிட்டார்கள். அவர்கள் தனியாக ஒரு சங்கம் தொடங்க முயன்றபோது, அது நிர்வாகத்தின் சூழ்ச்சி என்று பேசியவர்களும் எங்கள் சங்க நிர்வாகிகளே. கடைசியாகக் கையெழுத்தான ஊதிய ஒப்பந்தத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

சங்கங்களே வேண்டாம் என்று வாதிடும் நண்பர்கள் இதைச் சுட்டிக்காட்டும்போது என்னிடம் பதில் இல்லை. இப்படிப்பட்ட சங்கத்தில் இருந்துகொண்டு அந்த உரிமைக்காக வாதாட எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

பதில் 1: பெரம்பூர் முதியவர்

உங்கள் சங்கம் செய்தது தவறு. அதற்குச் சட்டத்தைக் காரணம் காட்டுவது அதைவிடப் பெரிய தவறு. 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம், தொழில் தகராறு எது என்று வரையறுக்கும் 2(ஜி) உட்பிரிவில், எந்த முதலாளியுடன் தகராறு எழுகிறதோ அவரிடம் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும், தொழிலில் ஈடுபட்ட எல்லோருமே தொழிலாளர்தாம் என்று கூறியது. சங்கத்தின் சாதாரண உறுப்பினராக, அது சார்ந்த தொழிலில் வேலை செய்பவராக இருந்தால் போதும் என்பதே 6ஆம் பிரிவின் கருத்து. ஆகவே விதிகளில் இடமில்லை என்றால், இடம் கொடுக்காமல் அந்த விதிகளை எழுதியவர்கள் உங்கள் சங்கத்தார்தாம்.

அந்தச் சட்டம் பிறந்த கதையிலேயே உங்கள் கேள்வியின் இரு பக்கங்களும் இருக்கின்றன. 1918 ஏப்ரல் 27 அன்று, பெரம்பூரில் இருந்த பக்கிங்காம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. பி. பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். தொழிலாளர்களை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று, ஆலைகளை நடத்திய பின்னி நிறுவனம் வாடியா முதலியோர்மீது வழக்குத் தொடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. இறுதியில் வாடியா தொழிலாளர் இயக்கத்திலிருந்து விலகும் நிலை வந்தது. சங்கம் நடத்துவதே வழக்குக்குரிய குற்றமாகிவிடும் என்ற அச்சத்திலிருந்துதான் சட்டப் பாதுகாப்புக் கோரிக்கை வலுப்பெற்றது. ஒப்பந்தத்தை மீறத் தூண்டியதாகக் கூறிச் சங்கத்தின்மீது உரிமையியல் வழக்குத் தொடுக்க முடியாது என்று 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவு கூறியது, பெரம்பூரில் நடந்தது இனி நடக்கக் கூடாது என்பதற்காகவே.

மறுபக்கம் 1921இல் வந்தது. அந்த ஆண்டின் நீண்ட வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். சாதி இந்துத் தொழிலாளர்களும் ஆதிதிராவிடத் தொழிலாளர்களும் மோதிக்கொண்டார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. நிர்வாகம் பிரித்தது என்பது உண்மைதான். ஆனால் ஏற்கெனவே பிரிந்து கிடந்தவர்களைத்தான் அதனால் அவ்வளவு எளிதாகப் பிரிக்க முடிந்தது. ஒரே ஆலையில் வேலை செய்தவர்கள் ஒரே சேரியில் வாழவில்லை என்பதைச் சங்கம் ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் கருத்து. அந்த வேலைநிறுத்தம் தோற்றது. உங்கள் ஆலையில் நிரந்தரம், ஒப்பந்தம் என்ற கோடு அதே வேலையைச் செய்கிறது.

பதில் 2: சிறுதொழில் முனைவோர்

நான் சங்கத்துக்கு எதிரானவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் வாதத்தையும் கேளுங்கள். 2018 ஜனவரியில் அரசுப் போக்குவரத்துக் கழக ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது தி.மு.க. சார்ந்த தொ.மு.ச. களத்தில் நின்றது, அ.தி.மு.க. சார்ந்த அண்ணா தொழிற்சங்கப் பேரவை பேருந்துகளை இயக்க முன்வந்தது. 2024 ஜனவரி 9 அன்று மறுபடியும் வேலைநிறுத்தம் நடந்தபோது அண்ணா தொழிற்சங்கப் பேரவை களத்தில் நின்றது, தொ.மு.ச. பேருந்துகளை இயக்கியது. இடையில் மாறியது கோட்டையில் இருந்த கட்சி மட்டுமே. ஓட்டுநரின் நிலுவைத் தொகையும் ஓய்வூதியரின் அகவிலைப்படியும் அப்படியே இருந்தன. தம் உறுப்பினரின் நலனைவிடக் கட்சியின் நலனைப் பெரிதாக நினைக்கும் அமைப்புகளுக்கு உரிமை, பாதுகாப்பு என்று ஏன் கொடுக்க வேண்டும்? வெளியாட்கள் தலைமை தாங்குவதுதான் இதற்கு வேர் என்று நான் நம்புகிறேன்.

பதில் 3: பெரம்பூர் முதியவர்

போக்குவரத்துக் கழகங்களைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க மாட்டேன். அது வெட்கப்பட வேண்டிய செய்தி. ஆனால் வெளியாட்கள் என்ற காரணத்தை ஏற்க முடியவில்லை. வாடியாவும் திரு.வி.க.வும் ஆலைத் தொழிலாளர்கள் அல்லர். ஆலைக்குள் இருப்பவரை மறுநாளே வேலையை விட்டு அனுப்பிவிடலாம் என்ற நிலையில் வெளியிலிருந்து ஒருவர் பேச வேண்டியிருக்கிறது. சட்டமும் நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், இவற்றில் எது குறைவோ அந்த அளவுக்கு மட்டுமே வெளியாட்களை அனுமதித்தது.

சங்கங்களின் குறையை வைத்து உரிமையை மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்ரீபெரும்புதூர் அருகில் உள்ள சாம்சங் ஆலையே சாட்சி. 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாட்கள் நீடித்தது. ஊதியக் கோரிக்கைகளோடு, தங்கள் சங்கத்தை ஏற்க வேண்டும் என்பதும் முக்கியக் கோரிக்கை. சங்கத்தின் பெயரில் நிறுவனத்தின் பெயர் இருப்பதற்கு ஆட்சேபம் எழுந்தது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்ற பிறகு, 2025 ஜனவரி இறுதியில்தான் பதிவு கிடைத்தது. இத்தனைக்கும் சங்கம் அமைக்கும் உரிமையைத் தரும் அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(சி) பிரிவு 1950 முதல் இருக்கிறது.

பதில் 4: ஒப்பந்தப் பிரிவிலிருந்து

நான் வேறொரு ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் பெண். கேள்வி கேட்ட அண்ணனிடம் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்: உங்கள் தகுதியைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தில் எங்கள் நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒப்பந்ததாரரின் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். நாங்கள் அதே இடத்தில் நிற்போம். 24 மாதங்களுக்குள் 480 நாட்கள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று இருப்பதையே எனக்கு யாரும் சொல்லவில்லை. அதைக் கேட்டு வாங்க ஆதாரம் திரட்டவும் ஆய்வாளர் முன் நிற்கவும் எங்களுக்குப் பின்னால் ஓர் அமைப்பு வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் தொகுப்பு என்ற சட்டத்தில், வருகைப் பதிவேட்டில் உள்ள தொழிலாளர்களில் 51 சதவீதத்தினரின் ஆதரவு பெற்ற சங்கமே நிர்வாகத்துடன் பேச்சுவார்த்தை நடத்தும் ஒரே சங்கமாகும் என்று இருக்கிறது. எங்கள் பெயர்கள் ஒப்பந்ததாரரின் பதிவேட்டில்தான் இருக்கின்றன. நிரந்தரத் தொழிலாளர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறையும்போது, நீங்கள் பேசும் மேசையும் சுருங்கும். எங்களுக்கு இரக்கம் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. எங்களிடம் சந்தா வாங்கிக்கொண்டு எங்களுக்கும் சேர்த்துப் பேசுங்கள் என்று கேட்கிறேன்.

பதில் 5: ஒரகடம் நிரந்தரன்

அனைவருக்கும் நன்றி. சகோதரி சொன்ன பதிவேட்டு விவரத்தை எங்கள் செயற்குழுவில் ஒருவரும் இதுவரை எடுத்துப் பேசியதில்லை. அடுத்த பொதுக்குழுவில் உறுப்பினர் தகுதி பற்றிய விதியைத் திருத்த ஒரு தீர்மானம் கொடுக்கப் போகிறேன். என் பிரிவில் சிலர் கையெழுத்திட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நிரந்தரத் தொழிலாளர்களில் பலர், ஒப்பந்தத் தொழிலாளர்கள் உள்ளே வந்தால் போனஸ் பங்கு குறையும் என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்கு என்ன பதில் சொல்வது, ஒப்பந்தத் தொழிலாளர்களின் கோரிக்கைகளை அடுத்த ஊதிய ஒப்பந்தத்தின் கோரிக்கைப் பட்டியலில் எந்த வடிவில் சேர்ப்பது என்பதை, இதைச் செய்து பார்த்த சங்கத்தினர் யாரேனும் இங்கே எழுதினால் உதவியாக இருக்கும்.