கிரேக்க உணவகத்தில் சைவ அத்தைக்கு என்ன சொல்வது?

மூன்றாம் மேசை எழுதியது:

எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு கிரேக்க உணவகம் இருக்கிறது. மொத்தமே ஏழு மேசைகள். துணி விரிப்பின்மேல் வெள்ளைத் தாள் போட்டு, பறக்காமல் நான்கு பக்கமும் கிளிப் மாட்டியிருப்பார்கள். கணவர் பரிமாறுகிறார், மனைவி சமைக்கிறார். ஒன்பது ஆண்டுகளாகப் போகிறோம். திருமண நாளுக்கும் அங்கேதான், மகனுக்குக் காய்ச்சல் விட்ட மறுநாளும் அங்கேதான். நான் உட்கார்ந்ததுமே சுவ்லாகி அடுப்புக்குப் போய்விடும். குச்சியில் கோத்த இறைச்சி, ஓரம் கருகி, எலுமிச்சையும் ஓரிகானோவும் மணக்க வரும்.

அடுத்த வாரம் மாமாவும் அத்தையும் வருகிறார்கள். அவர்களை அங்கே அழைத்துப்போக எனக்கு அவ்வளவு ஆசை. ஆனால் அத்தை மீன், இறைச்சி, முட்டை எதையும் தொடமாட்டார். பால், தயிர் உண்டு. சென்ற முறை வந்தபோது வேறொரு கிரேக்க உணவகத்தில் (பெயர் வேண்டாம்) “சைவம்தானே?” என்று இரண்டு முறை கேட்டோம். தலையாட்டினார்கள். ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள இளஞ்சிவப்பாக ஒன்று வந்தது. அத்தை மூன்று வாய் சாப்பிட்ட பிறகுதான் தெரிந்தது, அது தராமோசலாத்தா, உப்பிட்ட மீன்சினையை அரைத்துச் செய்வது என்று. அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்துபோய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். வீடு வந்து சேரும்வரை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அன்றைய அவர் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

எங்கள் உணவகத்தில் அப்படி ஏமாற்றமாட்டார்கள். கேட்டால் சொல்வார்கள். ஆனால் எதைக் கேட்பதென்றே எனக்குத் தெரியவில்லை. ஒன்பது ஆண்டுகளில் மெனுவின் முதல் பக்கத்தைத் தாண்டியதில்லை. நாங்களெல்லாம் வயிறாரச் சாப்பிடும்போது அவரை மட்டும் சாலட்டும் பொரித்த உருளைக்கிழங்குமாக உட்காரவைக்க எனக்கு மனம் வராது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எலுமிச்சை மரம் எழுதியது:

“நிஸ்தீசிமா என்ன இருக்கிறது?” என்று கேளுங்கள் தோழி. நோன்புக் காலத்துச் சாப்பாடு என்று பொருள். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பில் அவர்கள் இறைச்சி, மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் விலக்கிவிடுவார்கள். அந்த ஒரு சொல் போதும்.

கப்பல் அடுப்படி எழுதியது:

அந்த ஒரு சொல் போதாது. கிரேக்க முதலாளிகளின் சரக்குக் கப்பல்களில் பதினான்கு ஆண்டுகள் சமையலறையில் நின்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன். நோன்பில் விலக்கு என்பது இரத்தம் உள்ள உயிர்களுக்குத்தான். கணவாய், ஆக்டோபஸ், இறால், சிப்பி எல்லாம் நோன்புக்கு ஆகும். மீன்சினையும் அப்படியே. நோன்பு தொடங்கும் திங்கட்கிழமை மேசைக்குத் தராமோசலாத்தா வராமல் இருக்காது. அத்தைக்கு அன்று நேர்ந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். தலையாட்டியவர் மனதில் அது நோன்புப் பண்டம்.

நீங்கள் கேட்க வேண்டிய சொல் “லாதெரா” அம்மா. லாதி என்றால் எண்ணெய். காய்கறியைத் தக்காளி, வெங்காயத்தோடு ஆலிவ் எண்ணெயிலேயே பொறுமையாக வேகவைப்பது. பச்சை பீன்ஸில் செய்தால் ஃபசோலாக்கியா. கத்தரிக்காய், சீமைச் சுரைக்காய், உருளைக்கிழங்கு சேர்த்து அடுப்பில் சுட்டால் பிரியாம். வெண்டைக்காயிலும் உண்டு. கூடவே யிகாண்டெஸ் கேளுங்கள்: கட்டைவிரல் அகலப் பெரிய வெள்ளை அவரை விதை, தக்காளிச் சாற்றில் மேல்தோல் லேசாகக் கருகும்வரை வெந்தது. அதை ஒரு தட்டு சாப்பிட்டவர் இறைச்சியைத் தேடமாட்டார்.

திராட்சை இலையில் சோறு மடித்த தோல்மாதெஸ் இரண்டு விதம். இறைச்சி இல்லாததற்கு யாலஞ்சி என்று பெயர், துருக்கியச் சொல், பொய்யன் என்று பொருள். தக்காளியையும் குடைமிளகாயையும் குடைந்து சோறு அடைத்த யெமிஸ்தாவும் அப்படியே. கொத்துக்கறி சேராததை ஒர்ஃபானா, அதாவது அநாதை, என்பார்கள். இந்த இரண்டு பெயரையும் சொல்லிக் கேட்டால் சமைக்கிற அம்மாவுக்குச் சட்டென்று விளங்கிவிடும்.

ஒன்றை அத்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். லாதெரா ஆவி பறக்க வராது. மிதமான சூட்டில்தான் வரும், சில நேரம் சூடே இல்லாமலும் வரும். ஆறிப்போனதைக் கொண்டுவந்து வைத்தார்கள் என்று எண்ணிவிடப் போகிறார். எண்ணெயும் தக்காளியும் கலந்து ருசி இறங்க அந்த நேரம் வேண்டும்.

ஆளுக்கொரு தட்டு சொல்லாதீர்கள். எல்லாவற்றையும் நடுவில் வைத்து எடுத்துக்கொள்வதுதான் அங்கே வழக்கம்.

உப்புநீர் எழுதியது:

ஃபெட்டாவைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே? 2002 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தப் பெயர் கிரேக்கப் பாலாடைக்கட்டிக்கு மட்டும்தான். செம்மறியாட்டுப் பால் குறைந்தது 70 சதவீதம், மீதி வெள்ளாட்டுப் பால். பாலைத் திரிக்க ரென்னெட் சேர்க்க வேண்டும். பழைய முறையில் அது ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுப்பது. நுண்ணுயிரிலிருந்து எடுக்கும் ரென்னெட்டும் உண்டு. அத்தை அதுவரை பார்ப்பவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள், டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். என் அம்மா பார்ப்பார், அதனால்தான் எழுதுகிறேன்.

ட்சட்சீகி வெறும் தயிர், வெள்ளரி, பூண்டு. பயமில்லை. கீரையை மாவுத் தாளில் அடைத்துச் சுடும் ‘பை’ பலகாரத்தில் பெரும்பாலும் முட்டை சேர்ந்திருக்கும். அவ்கோலேமோனோ சூப் பெயரிலேயே முட்டையும் எலுமிச்சையும்தான், அடியில் கோழிச்சாறு. சீமைச் சுரைக்காயைக் கணவாய் பொரித்த எண்ணெயிலேயே பொரிப்பதும் உண்டு, கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

மூன்றாம் மேசை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அவ்கோலேமோனோவைத்தான் அத்தைக்கு முதலில் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். நினைக்கவே நடுங்குகிறது. ரென்னெட் பற்றி அத்தையிடம் தொலைபேசியில் கேட்டேன். “அப்படியும் ஒன்று இருக்கிறதா?” என்றார், பிறகு “எனக்கு வேண்டாம்மா” என்றார். நாளை மாலை கூட்டம் வரும் முன்பே போய், சமைக்கும் அம்மாவையே பார்த்துப் பேசப்போகிறேன்.

கப்பல் அடுப்படி எழுதியது:

நல்லது. காபி சொல்லும்போது சர்க்கரையையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். பொடி, சர்க்கரை, தண்ணீர் மூன்றையும் ஒன்றாகக் காய்ச்சுவதால் பிறகு சேர்க்க வழியில்லை. சர்க்கரை இல்லாமல் ஸ்கேத்தோ, நடுத்தரம் மேத்ரியோ, இனிப்பாக வேண்டுமானால் கிலிக்கோ. அடியில் மண்டி தங்கும், கடைசி வாயைக் குடிக்க வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லுங்கள்.

மூன்றாம் மேசை எழுதியது:

போய்விட்டு வந்தோம். நேற்று இரவே எழுத நினைத்தேன், தூக்கம் வந்துவிட்டது.

முதல் நாள் நான் போய் “லாதெரா, யாலஞ்சி, ஒர்ஃபானா” என்று ஒவ்வொன்றாகச் சொன்னபோது அந்த அம்மா கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டார். கணவரைக் கூப்பிட்டு என்னவோ சொன்னார். “ஒன்பது வருடம் சுவ்லாகி மட்டும் சாப்பிட்டவளா இப்படிக் கேட்கிறாள் என்கிறாள்” என்று அவர் எனக்குச் சொன்னார். ஃபெட்டா டப்பாவை எடுத்துக் காட்டினார்கள். ரென்னெட் என்று மட்டும் இருந்தது, எந்த வகை என்று இல்லை. அதனால் சாலட்டுக்குமேல் வைக்கும் பாளத்தைத் தனித் தட்டில் தரச் சொன்னேன்.

பிரியாம், யிகாண்டெஸ், தக்காளி யெமிஸ்தா, ட்சட்சீகி எல்லாம் நடுவில் வந்தன. எங்களுக்குச் சுவ்லாகி மேசையின் மறுகோடியில். அத்தை முதலில் ரொட்டியை மட்டும் பிய்த்துக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு தட்டிலும் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சொன்னேன். யெமிஸ்தாவின் மூடியை ஸ்பூனால் தூக்கிப் பார்த்தார். உள்ளே சோறு, புதினா, உலர்திராட்சை. ஒரு வாய் எடுத்தார். பிறகு தட்டையே தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

சாலட் தீர்ந்ததும் கிண்ணத்தின் அடியில் தக்காளிச் சாறும் எண்ணெயும் தேங்கி நின்றது. ஓரிகானோத் துகள்கள் மிதந்தன. பரிமாறுபவர் அதை எடுக்க வந்தபோது அத்தை கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு ரொட்டியை அதில் தோய்த்தார். அவர் அப்படியே விட்டுவிட்டு இன்னும் நான்கு துண்டு ரொட்டி கொண்டுவந்து வைத்தார்.

கடைசியில் நாங்கள் சொல்லாமலே ஒரு தட்டு வந்தது. கிண்ணத்தில் அழுத்திக் கவிழ்த்த ரவை ஹல்வா, மேலே பட்டைத்தூள். வெண்ணெய்கூட இல்லை, எண்ணெயில் செய்தது. பில்லிலும் அது இல்லை. அத்தை எழுந்து நேராகச் சமையலறை வாசலுக்குப் போனார். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. அந்த அம்மா எண்ணெய்ப் புட்டியைத் தொட்டு ஒரு விரலைக் காட்டினார். ரவைக்கு இரண்டு. சர்க்கரைக்கு மூன்று. குழாயைக் காட்டி நான்கு. அத்தையும் அதே வரிசையில் விரல்களை மடக்கி மடக்கித் திரும்பக் காட்டினார், அவர் தலையசைக்கும்வரை.