வாஷர் நின்றபின் டின்கள் மங்கிப்போவது ஏன்?

கேள்வி (டர்பன்)
பெரியோருக்கு வணக்கம். அலுமினியக் குளிர்பான டின் செய்யும் ஆலையில், டின்களைக் கழுவும் இயந்திரமான வாஷர் பகுதியில் சேர்ந்து மூன்று மாதமாகிறது. சென்ற வாரம் அச்சு இயந்திரம் பழுதாகி, எங்கள் கன்வேயரும் கால் மணி நேரம் நின்றது. மீண்டும் ஓடியபோது வந்த டின்களில் பல சாம்பல் பூத்தாற்போல் மங்கியிருந்ததோடு, தடத்தில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நகர மறுத்தன. மேற்பார்வையாளர் அவற்றைக் கழிவில் போடச் சொன்னாரே தவிர, காரணம் சொல்லவில்லை. எண்ணெய் போகச் சோப்புத் தண்ணீர் போதாதா, அமிலம் எதற்கு?

பதில் (சாட்ஸ்வொர்த்)
தம்பி, தகட்டை இழுத்து மெலிதாக்கும்போது எண்ணெயோடு நுண்ணிய அலுமினியத் தூளும் சுவரில் அழுந்திவிடுகிறது; விரலால் தேய்த்தால் கறுப்பாக வருமே, அதுதான். சோப்பு எண்ணெயை எடுக்கும், அழுந்திய தூளை விடுவிக்காது. கந்தக அமிலத்தோடு சிறிதளவு ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் சேர்த்து, ஏறக்குறைய 60 டிகிரி சூட்டில் கவிழ்த்த டின்கள்மேல் பீய்ச்சினால், ஃப்ளூரைடு மேலிருக்கும் ஆக்சைடு படலத்தைக் கரைக்க, தூளும் கழன்றுவிடும். அந்த வேலைக்கு ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை. கால் மணி நேரம் நின்றால், பம்பை நிறுத்தியிருந்தாலும் ஒட்டியிருக்கும் அமிலம் அரித்துக்கொண்டே இருக்கும். மேற்பரப்பு சொரசொரப்பாகி, மினுமினுப்பும் வழுக்கலும் ஒருசேரப் போகும். நானும் ஒருமுறை அப்படிப்பட்ட டின்களை வீணாக்க மனமின்றி அச்சுக்கு அனுப்பி, இரவு முழுக்கத் தடத்தில் சிக்கியவற்றைக் கையால் எடுத்தேன்.

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஆய்வகம்)
அண்ணன் சொன்னது சரியே. நிற்காத நாளிலும் டின்கள் சிக்கினால், கழுவியவற்றை உலர்த்தும் அடுப்பைப் பாருங்கள்: கடைசிக் கழுவலில் சேர்க்கும் வழுக்கு மருந்து மிகையான சூட்டில் சிதைந்துவிடும். அமிலத்துக்கும் கடைசிக் கழுவலுக்கும் இடையில் தரும், ஜிர்க்கோனியம் என்ற உலோகம் கொண்ட பூச்சு குறைந்தாலோ, பானம் நிரப்பியபின் வெந்நீரில் பாஸ்சரைஸ் செய்கையில் டின்னின் அடிக்குழிவு பழுப்பாகிவிடும். கழுவிய டின்னின்மேல் நீர் முறியாத படலமாகப் பரவுகிறதா, முத்து முத்தாக ஒதுங்குகிறதா என்று நாங்கள் முதலில் பார்ப்போம்; ஒதுங்கினால் எண்ணெய் மிச்சமிருக்கிறது என்று பொருள்.

கேள்வி கேட்டவர்
நன்றி, அண்ணா, அக்கா. கழிவில் போட்டவற்றில் ஒன்றை எடுத்துவந்து நல்ல டின்னோடு விரலால் தடவிப் பார்த்தேன். சொரசொரப்பு தெளிவாகவே தெரிகிறது.