வீடியோ கேம் வட்டு எதற்குச் சான்று? லெஸ்டர் கொலை வழக்கு குறித்து ஓர் ஐயம்

கேள்வி:
2004-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனை அவனுடைய 17 வயது நண்பனே கொன்றான். ‘மேன்ஹன்ட்’ என்ற வீடியோ கேம்தான் கொலைக்குத் தூண்டியது என்று நாளிதழ்கள் எழுதின. சில பெரிய கடைகள் அதன் விற்பனையை நிறுத்தின. காவல்துறையும் அப்படித்தான் கருதியதா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
இல்லை. கொலைக்குக் காரணம் கொள்ளை என்பதே காவல்துறையின் முடிவு. அதைவிட முக்கியமானது, அந்த விளையாட்டின் வட்டு கிடைத்தது கொன்றவனிடம் அன்று, கொல்லப்பட்ட சிறுவனின் அறையில். அந்த விளையாட்டைக் குற்றம் சாட்டியவர்கள் கொல்லப்பட்ட சிறுவனின் பெற்றோர். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் ஏதேனும் ஒரு காரணத்தைத் தேடித் தவிப்பதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால், அந்தத் துயரத்தில் பிறந்த குற்றச்சாட்டை விசாரித்துப் பாராமல் தலைப்புச் செய்தியாக்கியவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மறுமொழி 2:
2007 ஏப்ரலில் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, கொலையாளி யார் என்று உறுதியாகத் தெரிவதற்கு முன்பே தொலைக்காட்சியில் வீடியோ கேம்கள் மீது பழி சுமத்தப்பட்டது. பின்னர் மாநில அரசு அமைத்த ஆய்வுக் குழுவோ, அவர் சிறுவயதில் ஆடியவை ‘சோனிக்’ போன்ற, வன்முறை இல்லாத விளையாட்டுகளே என்று பதிவு செய்தது. சோதனையில் கணினியையும் கேம் கருவியையும் காவல்துறை கைப்பற்றுவது அவற்றில் உள்ள செய்திப் பரிமாற்றங்கள் போன்ற தகவல்களுக்காகவும் இருக்கலாம். கைப்பற்றிய பொருள்களின் பட்டியலைக் குற்றத்தின் காரணங்களாகப் படிப்பது பெரும் பிழை.

மறுமொழி 3:
எனினும், இதை முற்றிலும் ஒதுக்கிவிட வேண்டாம். 2011-இல் நார்வேயில் 77 பேரைக் கொன்றவர், ‘கால் ஆஃப் டியூட்டி’ என்ற போர் வீடியோ கேமை ஆடிக் குறிபார்க்கப் பழகியதாக நீதிமன்றத்திலேயே கூறினார்.

மறுமொழி 1 எழுதியவர்:
கூறியது உண்மை; ஆனால் அவர் தம் கொலைகளுக்குக் காரணமாக முன்வைத்தது ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் தொகுத்து வெளியிட்ட வெறுப்பு அரசியலைத்தான். அமெரிக்க அதிபருக்குப் பாதுகாப்பு அளிக்கும் சீக்ரட் சர்வீஸ் அமைப்பும் அந்நாட்டின் கல்வித் துறையும் 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, தாக்கியவர்களில் வன்முறை வீடியோ கேம்களில் ஆர்வம் காட்டியவர்கள் ஏறத்தாழ 12 விழுக்காட்டினரே. தாங்களே எழுதிய கவிதை, கட்டுரை, நாட்குறிப்பு போன்றவற்றில் வன்முறையை வெளிப்படுத்தியவர்கள் 37 விழுக்காட்டினர். இளைஞர்களில் மிகப் பலர் ஆடும் ஒன்று கொலையாளியின் அறையில் இருந்தது என்பதால் மட்டும் அது காரணமாகிவிடாது. ஆகவே, செய்தியாளர் முதலில் கேட்க வேண்டியவை, கொலையாளிக்கு ஆயுதம் எப்படிக் கிடைத்தது, முன்கூட்டியே அவன் யாரிடம் என்ன சொன்னான், கேட்டவர்கள் ஏன் பேசாமல் இருந்தார்கள் என்பவையே.