லியூபிட்சா: செர்பியப் புரட்சியின் நாயகியா?

செல்வி:
1815-ல் உதுமானியத் துருக்கியர் ஆட்சியை எதிர்த்துச் செர்பியர்கள் இரண்டாம் முறை எழுந்தார்கள். தலைவர் மிலோஷ் ஒப்ரெனோவிச். அவர் மனைவி லியூபிட்சா இல்லாமல் அந்த எழுச்சி நின்றிருக்காது என்பேன். சாச்சக் ஊருக்குப் பக்கத்தில் நடந்த சண்டையில் பயந்து திரும்பி ஓடிவந்த ஆண்களை வழிமறித்து, ரோஷம் வரும்படி ஏசி, மறுபடி களத்துக்கு அனுப்பினாராம். செர்பியாவில் இன்றும் சொல்கிறார்கள்.

முருகவேல்:
அக்கா, அதற்கு அப்புறம் நடந்ததையும் சொல்லுங்கள். மிலோஷ் கையில் அதிகாரம் வந்ததும் பெட்ரியா என்ற பெண்ணோடு தொடர்பு வைத்துக்கொண்டார். 1819-ல் லியூபிட்சா அவளைக் கொன்றுவிட்டார். நாட்டையே ஆட்டிவைத்தவரிடம் பெட்ரியாவால் 'மாட்டேன்' என்று சொல்லியிருக்க முடியுமா? தப்பு செய்தவர் ஆண், செத்தது பெண். இவரை நாயகி என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

செல்வி:
கொலையை நான் நியாயப்படுத்தவில்லை, தம்பி. பெட்ரியாவுக்காக எனக்கும் வலிக்கிறது. ஆனால் அந்த ஒரு நாளை வைத்து முழு வாழ்க்கையையும் அளக்காதீர்கள். பின்னாளில் கணவரின் தனியாட்சியை எதிர்த்தவர்கள் பக்கம் நின்றவரும் இவர்தான். 1839-ல் மிலோஷ் பதவி விலகினார். அந்த ஆண்டே மூத்த மகன் மிலன் ஆட்சிக்கு வந்த சில வாரங்களில் நோயில் இறந்தான். அடுத்து இளையவன் மிஹைலோ. பிள்ளையைப் பறிகொடுத்த தாயாகவும் அவரைப் பாருங்கள்.

நூர்ஜஹான்:
பெல்கிரேடில் அவருடைய மாளிகைக்குப் போயிருக்கிறேன். 1829-லிருந்து 1831-க்குள் கட்டியது. தெருப்பக்கம் துருத்தி நிற்கும் மாடம், உள்ளே துருக்கியக் குளியலறை. துருக்கியரை எதிர்த்த குடும்பம் துருக்கிய பாணி வீட்டில் வாழ்ந்திருக்கிறது! அங்கே இருந்தது லியூபிட்சாவும் பிள்ளைகளும்தான். மிலோஷ் பெரும்பாலும் வேறு இடங்களில். அந்தக் கூடத்தில் நின்றபோது எனக்குப் போர்க்களம் நினைவுக்கு வரவில்லை, கணவர் வராத வீடுதான் நினைவில் நின்றது.

முருகவேல்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். எழுச்சிக்குத் தோள் கொடுத்தவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான். 1842-ல் மிஹைலோவையும் கவிழ்த்தார்கள், தாயும் நாட்டைவிட்டு வெளியேறினார். மறு ஆண்டே ஆஸ்திரிய எல்லைக்குள் இருந்த நோவி சாத்தில் இறந்தார்.

செல்வி:
ஆமாம். க்ருஷெடோல் மடத்தில் அடக்கம் செய்தார்கள். மிலோஷை 1858-ல் திரும்ப அழைத்தார்கள், அவர் மறுபடி நாட்டை ஆண்டார். லியூபிட்சா திரும்பவே இல்லை.