டீஇன்டர்லேஸ் போட்டால் போதுமா? ஐந்தில் இரண்டு பிரேம் என்ன ஆகிறது?

கல்லடிக்காரன்
இங்கே ஒருவர் புதிதாக ஏஎம்வி (அனிமே காட்சிகளை வெட்டிப் பாட்டோடு சேர்க்கும் வீடியோ) செய்பவர்களுக்கு என்று வழிகாட்டி எழுதியிருக்கிறார். அதில் ஒரு வரி: "டிவிடி அனிமேக்கு டீஇன்டர்லேஸ் பில்டர் ஒன்றைப் போட்டால் போதும், ஐவிடிசி எல்லாம் பழைய ஆட்களின் வீண் வேலை." வாசித்ததும் பொறுக்கவில்லை. இதை நம்பி எத்தனை பொடியன்மார் நல்ல காட்சியைக் கெடுக்கப் போகிறார்களோ.

அனிமே நொடிக்கு 24 பிரேம். ஜப்பான் டிவிடி என்டிஎஸ்சி என்ற டிவி முறை, நொடிக்கு 29.97. இந்த இடைவெளியை நிரப்பத்தான் டெலிசினி: நான்கு பிரேமைப் பீல்டுகளாக (ஒற்றை வரிகள் ஒரு பாதி, இரட்டை வரிகள் மறு பாதி) பிரித்து ஐந்தாக நீட்டுகிறார்கள். அந்த ஐந்தில் மூன்று சுத்தமாக இருக்கும், இரண்டில் சீப்புப் பல் மாதிரிக் கோடு விழும். ஐவிடிசி, அதாவது டெலிசினியைத் திருப்புவது, என்ன செய்கிறது? அந்தக் கோடு விழுந்த பிரேமின் பீல்டுக்குச் சொந்தமான சோடியைப் பக்கத்துப் பிரேமில் தேடிச் சேர்க்கிறது. கூடுதலாக வந்த ஒன்றை எறிகிறது. வரைந்தவர் வரைந்த படம் அப்படியே திரும்பி வருகிறது. டீஇன்டர்லேஸ் பாதி வரியை ஊகித்து நிரப்புகிறது. ஐந்தில் இரண்டு பிரேம் ஊகம்! அதை வழிகாட்டி என்று சொல்லாதீர்கள்.

அக்கரைப்பற்று_ஏஎம்வி
அண்ணன், வழிகாட்டி எழுதியது நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். மூன்று பிரேம் சுத்தம் என்று நீங்களே சொல்கிறீர்கள். மிச்சம் இரண்டும் கண்ணிமைக்கும் நேரம். நாலு நிமிஷப் பாட்டை எல்லாரும் போனில்தான் பார்க்கிறார்கள். யார் நிறுத்தி வைத்து வரி எண்ணப் போகிறார்கள்?

கல்லடிக்காரன்
நான் எண்ணுவேன் தம்பி. அந்த மூன்றும் சுத்தமாகத் தப்பாது. யாடிஃப் என்ற டீஇன்டர்லேஸ் பில்டரை அமைப்பு மாற்றாமல் போட்டால் எல்லாப் பிரேமிலும் கை வைக்கும், நல்ல பிரேமின் மெல்லிய கோடும் நடுங்கும். வீடியோவைச் சுருக்கும் எக்ஸ்264 அந்த நடுக்கத்துக்கும் பிட்ரேட்டை (நொடிக்குச் செலவாகும் டேட்டாவை) கொட்டும். வேகமும் 29.97-இலேயே நிற்கும், அதனால் கெமரா நகரும் காட்சி தத்தித் தத்திப் போகும். ஸ்லோமோஷன் போட்டுப் பாருங்கள், அந்த இரண்டு பிரேமும் உங்கள் முகத்துக்கு முன்னால் வந்து நிற்கும்.

காத்தான்குடி_ரெண்டர்
கல்லடி அண்ணன் சொல்வது எல்லாம் 24 பிரேம் காட்சிக்கு மட்டும்தான். 2000களின் தொடக்கத்து டிவிடிகளைத் திறந்து பாருங்கள். கதாபாத்திரம் 24-இல் நடக்கும், பின்னால் சிஜி (கணினியில் செய்த) காட்சியோ ஓடும் எழுத்தோ 30-இலோ முழு இன்டர்லேஸிலோ (ஒவ்வொரு பீல்டும் வேறு கணம்) இருக்கும். அதிலே கூடுதல் பிரேமை எறியும் டிடெசிமேட் போட்டால் ஐந்துக்கு ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எறியும், காட்சி குதிக்கும். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னீர்களா?

கல்லடிக்காரன்
தலைப்பை வாசியுங்கள் காக்கா. ஐந்தில் இரண்டு பிரேம். ஓடும் எழுத்தை எவன் ஏஎம்வியில் வெட்டிப் போடுகிறான்?

காத்தான்குடி_ரெண்டர்
சிஜி சண்டைக் காட்சியை எல்லாரும்தான் போடுகிறார்கள். பதில் இல்லாவிட்டால் தலைப்பைக் காட்டுவது உங்களுக்குப் பழக்கம்.

கல்முனை_பிரேம்
எனக்கு ஒன்று விளங்கவில்லை. நம்ம நாட்டில் டிவி முறை பால் (PAL) தானே, 25 பிரேம். அப்படியென்றால் இந்த ஐந்தில் இரண்டு எங்கே இருந்து வந்தது?

கல்லடிக்காரன்
டிவி இலங்கையில் இருந்தால் டிவிடியும் இலங்கையில் செய்ததா? ஜப்பான் தட்டு என்டிஎஸ்சி, 720க்கு 480. ஐரோப்பாத் தட்டுதான் பால், 720க்கு 576. இரண்டுக்கும் ரீஜன் எண் (தட்டு எந்தப் பகுதியில் ஓடும் என்ற எண்) 2 என்பதால் நிறையப் பேர் குழம்புகிறார்கள். என்டிஎஸ்சி மாஸ்டரில் இருந்து பாலுக்கு மாற்றிய தட்டுகளில் பீல்டுகள் ஒன்றோடொன்று கலந்திருக்கும். அது இன்னும் மோசம். அதைத் தொடாதீர்கள்.

அக்கரைப்பற்று_ஏஎம்வி
பாருங்கள், கேள்வி கேட்டவனை எப்படி அடக்குகிறார் என்று. கல்லடியில் இருப்பவருக்கு மட்டும்தான் ஏஎம்வி தெரியும், அம்பாறை மாவட்டத்துக்காரன் எல்லாம் பேசாமல் இருக்க வேண்டும். ப்ளூரேயில் 1080பி, அந்த 24 பிரேம் (சரியாகச் சொன்னால் 23.976) நேராகவே வருகிறது. ஐவிடிசியே தேவையில்லை. இந்தக் காலத்தில் டிவிடியைக் கட்டிப்பிடிக்கிறவருக்குத்தான் இந்தக் கவலை.

கல்லடிக்காரன்
உங்கள் வழிகாட்டியில் "டிவிடி அனிமேக்கு" என்று எழுதியது நானா? ப்ளூரே வராத பழைய தொடர் எத்தனை கிடக்கிறது! அதை நேசிக்கிறவன் டிவிடியில் இருந்துதான் எடுக்க வேண்டும். அவனுக்காகத்தான் கத்துகிறேன். ஏவிஐசிந்த் ஸ்கிரிப்டில் சோடி சேர்க்க டிஎஃப்எம் ஒரு வரி, கூடுதலை எறிய டிடெசிமேட் ஒரு வரி. இரண்டு வரி எழுதப் பஞ்சியா?

வாழைச்சேனை_77
மச்சான்மார், அதெல்லாம் இருக்கட்டும். எம்கேவி வீடியோக் கோப்பை எடிட்டருக்குள் நேராகப் போடலாமா, லொஸ்லெஸ் (தரம் குறையாத சுருக்கம்) ஆக்க வேண்டுமா?

காத்தான்குடி_ரெண்டர்
லொஸ்லெஸ் ஆக்குங்கள். எக்ஸ்264 இயல்பாக 250 பிரேம் வரைக்கும் ஒரு கீபிரேமோடு (தனியாகவே முழுப் படமாக நிற்கும் பிரேம்) ஓட்டும். நடுவில் வெட்டினால் எடிட்டர் முந்தைய கீபிரேமில் இருந்து அவிழ்த்துக்கொண்டு வர வேண்டும், அதுதான் இழுக்கிறது. யூட்வீடியோ என்ற லொஸ்லெஸ் கோடெக்கில் ஒவ்வொரு பிரேமும் தனித்தனி.

அக்கரைப்பற்று_ஏஎம்வி
ஹார்ட் டிஸ்க்கை யார் வாங்கித் தருவது? சுருக்காத டிவிடி காட்சி, நொடிக்கு 24 பிரேம் என்றாலும், 24 நிமிஷத்துக்கே கிட்டத்தட்ட 18 ஜிபி. லொஸ்லெஸ் அதில் பாதியென்றாலும் ஒரு தொடருக்கு என் கொம்பியூட்டர் காணாது.

கல்லடிக்காரன்
முழுத் தொடரையும் மாற்றச் சொன்னது யார்? தேவையான துண்டை மட்டும் வெட்டி மாற்றுங்கள். அதுவும் ஐவிடிசி முடிந்த பிறகு. ஐந்தில் இரண்டு பிரேம் ஊகமாக இருக்கும் காட்சியை லொஸ்லெஸில் பூட்டி வைத்து என்ன பயன்?

கல்முனை_பிரேம்
துண்டு வெட்டுவதைப் பற்றிப் பேச வந்ததால் கேட்கிறேன். போன வருஷம் நான் வெட்டித் தந்த துண்டுகளை வைத்து ஒருவர் வீடியோ செய்து, என் பேரைப் போடாமல் விட்டார். அவர் இந்தத் திரியிலேயே சட்டம் பேசிக்கொண்டிருக்கிறார்.

கல்லடிக்காரன்
அந்தத் துண்டுகளில் பீல்ட் வரிசை தலைகீழாக இருந்தது. எல்லாவற்றையும் நான் தட்டில் இருந்து திரும்ப எடுத்தேன். பேர் எதற்குப் போட வேண்டும்?

கல்முனை_பிரேம்
திரும்ப எடுத்தால் எந்த நிமிஷத்தில் எந்தக் காட்சி என்று தேடிக் கொடுத்தது யார்? அதற்குப் பேர் இல்லையா?

காத்தான்குடி_ரெண்டர்
சிஜி காட்சிக்கு இன்னும் பதில் வரவில்லை.

கல்லடிக்காரன்
தனியாகத் திரி தொடங்குங்கள், வந்து சொல்கிறேன். இங்கே ஒரே கேள்விதான்: வழிகாட்டியில் அந்த வரி இன்னும் ஏன் இருக்கிறது?

அக்கரைப்பற்று_ஏஎம்வி
இருக்கும். நான் எடுக்கப் போவதில்லை. வேண்டுமென்றால் நீங்கள் ஒரு வழிகாட்டி எழுதுங்கள், எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று பார்ப்போம்.