சிறை ஆய்வுக்கான ஆலோசனைக் குழுவில் சேர முன்வருவோர் தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். சிறைவாசிகளிடையே எச்.ஐ.வி. தொற்றையும் போதைப்பொருள் பழக்கத்தையும் பற்றி ஓர் ஆய்வைத் திட்டமிட்டு வருகிறோம். கேள்விகளை எழுதி முடிக்கும் முன்பே, உள்ளே இருந்து வந்தவர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் அமரும் ஆலோசனைக் குழு ஒன்றை அமைக்க விரும்புகிறோம்.

விவரம் அறிந்து தரும் ஒப்புதல் இல்லாமல் எச்.ஐ.வி. தொற்றுள்ள எவரையும் ஆய்வுக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம். ஆனால் வார்டர் அருகில் நிற்கையில் ஒரு கைதி சொல்லும் 'சரி' உண்மையில் ஒப்புதல்தானா என்பதை அனுபவப்பட்டவர்களே சொல்ல முடியும். (அமெரிக்காவில் இத்தகைய ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவில் ஒரு சிறைவாசியோ அவர்கள் சார்பாகப் பேசத் தக்கவரோ இருக்க வேண்டுமென 1978 முதலே விதி உள்ளது.)

எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரைக்காக வரிசையில் நிற்பதே ஒருவரின் நிலையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறதா, வேறு சிறைக்கு மாற்றும்போதும் ஜாமீனில் வெளிவரும்போதும் மருந்து தடைப்படாமல் கிடைக்கிறதா என்பவற்றை முதலில் அறிய வேண்டும். போதைப்பொருளை நீண்ட நாள் விட்டிருந்த உடல் அதைத் தாங்கும் திறனை இழந்திருப்பதால், விடுதலையான முதல் வாரங்களில் பழைய அளவு போதை ஊசியே உயிரைப் பறிக்கக்கூடும். அந்த நாட்களில் யாரை அணுகினீர்கள் என்பதும் எங்களுக்கு முக்கியம்.

விருப்பமுள்ளவர்கள் பெயரையோ வழக்கு விவரத்தையோ இங்கே எழுதாமல் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். தொற்று நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. பயணச் செலவும் அன்றைய கூலியும் தரப்படும்.